தாய்மாமன் ரத்தம் வேண்டாம் என்றார்கள்

தங்கச்சி மகளுக்கு நாலு வயது, எடை 12 கிலோ. பிறவியிலேயே இதயக் கோளாறு, டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்று பெயர். அழுதால் உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், முதல்வர் காப்பீட்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காப்பீட்டுக்கு அலைந்தது தனிக் கதை. இங்கே ரத்தம் சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

பல் தேய்த்தால் ஈறு கசிகிறதா, காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகிறதா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். கொடுக்கிற மருந்துகளை, நாட்டு மருந்து உட்பட, ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார்கள். ஆஸ்பிரின் போன்றவை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஒரு வாரத்துக்கும் மேல் முடக்கிவிடுமாம். நீலம் பாரிக்கும் பிள்ளைகளுக்கு ரத்தம் கெட்டியாக இருந்தாலும் உறையும் திறன் குறைவு என்று மயக்க டாக்டர் சொன்னது எங்களுக்குப் புதுசு.

கிலோவுக்கு 75 மில்லி என்று வைத்தால் அவள் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு லிட்டர் வராது. ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இயந்திரத்தின் குழாய்களில் உள்ள திரவம் கலந்ததும் அதுவும் நீர்த்துவிடும். இயந்திரத்துக்குள் உறையாமலிருக்க ஹெப்பாரின் வேறு கொடுப்பார்கள். முடிந்ததும் புரோட்டமின் போட்டு அதை முறிப்பார்கள். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமலிருக்க டிரானெக்சாமிக் அமிலம்.

அப்புறம் ரத்த வங்கி. எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப். தாய்மாமன் நானிருக்க வெளியாள் ரத்தம் எதற்கு என்று கையை நீட்டிக்கொண்டு போனேன். "தாராளமா குடுங்க சார், ஆனா பாப்பாவுக்கு ஏத்த மாட்டோம்" என்றார் அங்கிருந்தவர். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளையணுக்களை உடம்பு அந்நியமென்று கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே பெருகி பிள்ளையின் உடம்பைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். கதிர்வீச்சு செலுத்திய ரத்தமென்றால் பயமில்லை. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த குடும்பங்களில் இன்னும் கவனமாக இருக்கணும் என்றார். எங்கள் மாப்பிள்ளையும் அத்தை மகன்தான். "அப்ப தாய்மாமன் சீர் செய்ய மட்டுந்தானாக்கும்" என்றது அம்மா. என் ரத்தம் பொது இருப்புக்குப் போனது.

எடுத்துவைத்த தட்டணுக்கள் 5 நாள்தான் தாங்கும். அதனால் ஆபரேஷன் தேதி உறுதியான பிறகு ரத்தம் கொடுக்க ஆட்களைக் கூப்பிடுவது நல்லது. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையத்துக்குப் பஸ் ஏறி வந்த பையன்களில் ஒருவனை ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கபடி ஆடுகிறவன்!

ஐசியூவில், ரத்தம் வடிய அவள் நெஞ்சில் வைத்த குழாய், கட்டிலுக்குக் கீழே அளவுக்கோடு போட்ட பாட்டிலில் முடிந்தது. மணிக்கொரு தரம் சிஸ்டர் குனிந்து பார்த்து, அளவைச் சார்ட்டில் எழுதி, குழாயை விரலால் நீவிவிட்டார். "நின்னுருச்சா சிஸ்டர்?" என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். படிப்படியாகக் குறையணும், சட்டென்று நின்றால்தான் பயம் என்றார் அவர். குழாய் அடைத்து ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கியிருக்கலாம். உடம்பு குளிர்ந்தாலும் ரத்தம் சரியாக உறையாது என்று பிள்ளையைச் சூடாகவே வைத்திருந்தார்கள். சோதனைக்கு எடுத்த ரத்தம்கூட சின்னஞ்சிறு டியூபில்தான்.

ராத்திரி பிளாஸ்மா ஏற்றினார்கள். தட்டணுக்கள் தேவைப்படவில்லை. எங்கள் பையன்கள் கொடுத்தது வேறு வார்டுக்குப் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.