அறுவைக்கு முன்பே பழக வேண்டியவை

அக்காவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிவாகியிருக்கிறது. ஸ்லீவ் முறை, இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். "அதான் ஆபரேஷன் பண்ணப் போறாளே, இப்பவே எதுக்கு வாயைக் கட்டணும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இப்போதுதான் கட்ட வேண்டும்.

பருமனான உடலில் பெரும்பாலும் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும். இரைப்பையின் மேல் சாய்ந்திருப்பதே அந்தக் கல்லீரல்தான். கடைசி 2 வாரம் மருத்துவர் சொல்லும் மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்தால் அது சுருங்கும், வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி கருவிகளுக்கு இடம் கிடைக்கும்.

அறுவைக்குப் பிறகு சாப்பிட வேண்டிய முறையை அக்கா அதற்கும் முன்பே பழக ஆரம்பித்துவிட்டாள். தட்டில் முதலில் முட்டை, சுண்டல், சோறு அப்புறம்தான். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்கிறாள். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, முடித்து அரை மணி நேரம் ஆக வேண்டும். அவளுக்கு ரொம்பக் கஷ்டம் இதுதான். காரக் குழம்பு என்றால் கை தானாகச் சொம்புக்குப் போய்விட்டுத் திரும்பும். அதைப் பார்க்கும்போது எனக்கு அவள்மேல் அவ்வளவு மரியாதை வருகிறது.

சிகிச்சைக்குப் பிறகு வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க உண்டு. அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்கிறாள்.

பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். சாயங்காலமாக வாருங்கள், அவளோடு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுப் போங்கள்.