வெங்காயத்தாள்

"பிள்ளை, உதென்ன புல்லுக் காயப்போட்டிருக்கிறீர்?" பக்கத்து வீட்டு அன்ரி பல்கனியால் எட்டிப் பார்த்துக் கேட்டா.

சுளகில் கிடந்தது வெங்காயத்தாள். வெள்ளவத்தைச் சந்தையில் கட்டாக வாங்கினால் பாதி பிரிஜ்ஜுக்குள்ளேயே அழுகிவிடும்.

கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுக்கவேணும். பச்சைத் தாள் மெல்லிசு, கெதியாய்க் காயும். அடி வெள்ளைக்கு நேரம் எடுக்கும். அதை வேறாகப் பரப்புவதுதான் சரி.

ஆனால் கொழும்பு வெயிலை நம்ப ஏலாது. மத்தியானம் மொறுமொறு, பின்னேரக் கடற்காற்றுப் பட்டதும் திரும்பத் துவண்டுவிடும். ஊரில் முற்றமும் காய்ந்த காற்றும் இருந்தது. இங்கே பிளாட், ஆகவே கடைசியில் ஓவன்தான், 60 பாகை செல்சியஸுக்குக் கிட்ட.

விரலால் நசித்தால் நொறுங்கவேணும். வளைந்தால் போத்தலுக்குள் பூஞ்சணம்.

சூப்புக்கும் முட்டைப் பொரியலுக்கும் ஊறவைக்காமலே தூவலாம்.