நெல்லுக்கு நெருங்கிய உறவு எது?

முதல் களை எடுக்கும் சமயத்தில் மயிலாடுதுறைப் பக்கத்துச் சம்பா வயலின் வரப்பில் நின்று பார்த்தால், பச்சையாக நிற்பவை எல்லாம் நெல்லாகவே தோன்றும். களை பறிக்கும் பெண்கள் மட்டும் தயங்காமல் பிரித்தெடுக்கிறார்கள். அடித்தண்டை விரல்களுக்கிடையே உருட்டும்போது மூன்று பட்டையாகத் தட்டுப்படுவது கோரை. பார்வைக்குப் புல்லாக இருந்தாலும் அது புல் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. குதிரைவாலி என்ற களையை இனங்காண்பதுதான் கடினம். இலை, தண்டைத் தழுவும் உறையோடு சேரும் மூட்டை விலக்கிப் பார்த்தால், நெல்லில் நாக்கைப் போன்ற வெளிறிய சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் அவ்விடம் வெறுமையாக இருக்கும்.

அறிவியல் வகைப்பாடும் நெடுங்காலம் இவ்வாறு கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளையே நம்பியிருந்தது. 1753-இல் தாம் அறிந்த தாவரங்கள் அனைத்துக்கும் இருசொற்பெயர் சூட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், பெரும்பாலும் பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணியே அவற்றை வகுப்புகளாகப் பிரித்தார். அவருடைய மாணவர் கோனிக் 1768-இல் மருத்துவராக நம் தரங்கம்பாடிக்கு வந்து, இப்பகுதிச் செடிகளைச் சேகரித்து ஆராய்ந்தார் என்பது எனக்கு மிகுந்த பெருமை தரும் செய்தி. ஆனால் அந்த எண்ணும் முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. நெற்பூவில் தாள்கள் ஆறு, கரும்பு முதலிய பெரும்பாலான புற்களில் மூன்று. ஆகவே நெல் தன் சொந்தக் குடும்பத்தை விட்டு வேறொரு வகுப்பில் போய் அமர்ந்தது. செடியை அடையாளம் காண அம்முறை எளிது என்றாலும், உறவை அறிய அது உதவாது.

1859-இல் டார்வின் பரிணாமக் கொள்கையை விரிவாக வெளியிட்ட பின்னர், பொது மூதாதையரிடமிருந்து கிளைத்த வரிசையே வகைப்பாட்டுக்கு அடிப்படையாக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இன்று அந்த வரிசையை மரபணுக்களை ஒப்பிட்டு அறிகிறார்கள். அதன்படி நெல்லும் குதிரைவாலியும் கரும்பும் ஒரே புல் குடும்பம்தான். ஆனால் அக்குடும்பத்துக்குள் குதிரைவாலி, தன்னைப் போலவே தோன்றும் நெல்லை விட்டுவிட்டு, கரும்பும் சோளமும் உள்ள கிளையில் சேர்கிறது.

இந்த உறவு ஏட்டோடு நிற்பதில்லை. கரும்பையும் சோளத்தையும் போலவே குதிரைவாலியும் கரியமில வாயுவை இலைக்குள் செறிவாகத் திரட்டி ஒளிச்சேர்க்கை செய்கிறது. நெல்லுக்கு அந்த ஏற்பாடு இல்லை. குறுவைப் பருவத்தின் கடும் வெயிலில், களையெடுப்பு சற்றுத் தள்ளிப்போனாலும் குதிரைவாலி நெல்லை முந்திக்கொண்டு வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.