பாஸ் ரொட்டும் எங்கள் விராலும்

கொழும்பில் விரால் பிடிக்க என்ன ரொட் (தூண்டில் தடி) வாங்கலாம் என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் யூடியூபில் பாஸ் என்ற அமெரிக்க மீனைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். நானும் அப்படிப் பார்த்துத்தான் லூர் என்ற பொய் இரையை வீசப் பழகினேன். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு விரால் புதிது இல்லை. மூங்கில் தடியில் தங்கூசி (நைலோன் நூல்) கட்டி, உயிர்த் தவளையைக் கொளுவி, வயல் வாய்க்கால் புல்லுக்குள் தட்டித் தட்டிப் பிடிப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் உயிரோடு ஒரு தவளையை முள்ளில் கொளுவ எனக்கு மனம் வராது. வெள்ளவத்தைக்கு வந்து, ரப்பர் தவளை கைக்குக் கிடைத்த பிறகுதான் இதில் இறங்கினேன். அந்த வகையில் பாஸ்காரர்களுக்கு நான் கடமைப்பட்டவன். அவர்களுடைய சாமான்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழக்கங்களை அப்படி எடுக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அவர்கள் பாஸ் என்று சொல்வது பெரும்பாலும் லார்ஜ்மௌத் பாஸ், வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து மீன். அதன் உலக சாதனை 1932 இல் ஜோர்ஜியாவில் ஜோர்ஜ் பெரி பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் மீன். 2009 இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிட்டா அதைச் சமன் செய்தார். நான் வீசும் எந்தத் தண்ணீரிலும் அந்த மீன் இல்லை. ஆனால் அதன் வேட்டைக் குணம் விராலுக்கும் உண்டு. செடிக்குள் ஒளிந்து கிடக்கும், மேலே எதாவது நகர்ந்தால் ஒரே பாய்ச்சலில் அடிக்கும். அதனால்தான் பாஸுக்குச் செய்த, உள்ளே வெறுமையான ரப்பர் தவளை விராலுக்கும் பொருந்துகிறது.

வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் அறை உண்டு. நேரத்துக்கு நேரம் மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வர விடாமல் தண்ணீருக்கடியில் அமுக்கி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். பாஸ் இப்படி மேலே வந்து தன் இடத்தைக் காட்டாது. ஆகவே பாஸ்காரர் ஓயாமல் வீசுவார், ஒவ்வொரு செடியோரத்தையும் தேடுவார். அது அவருக்குச் சரி. விராலுக்கு முதலில் கண்தான் வேலை செய்ய வேண்டும். நான் போனவுடன் ரொட்டை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. கரையில் நின்று பார்ப்பேன்.

திலாப்பியா மேலே வந்தால் தண்ணீர் இலேசாகச் சிலிர்க்கும், அவ்வளவுதான். விரால் வந்தால் 'ளொப்' என்று கனத்த ஒரு சத்தம், விரியும் ஒரு வட்டம், நடுவில் ஒன்றிரண்டு குமிழி. சல்வீனியா என்ற மிதக்கும் செடி படர்ந்த இடத்தில் வட்டம் தெரியாது. இலைகள் ஒருதரம் மேலே தூக்கி அடங்கும். அது எந்தப் பக்கம் சரிந்து அடங்குகிறது என்று பார்த்தால் மீன் போன திசையும் கிட்டத்தட்டத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால் அதே சுற்றில் மறுபடி மூச்செடுக்கும். இரண்டாம் முறை பார்த்த பிறகு வீசுவதுதான் என் வழக்கம். மூச்சு விட்ட இடத்தின் தலையில் போட்டால் மீன் போய்விடும். இரண்டு மூன்று மீற்றர் அப்பால், முடிந்தால் கரைப் புல்லிலேயே விழுத்தி, அங்கிருந்து தண்ணீருக்குள் இறக்கி, நிறுத்தி நிறுத்திக் கொண்டுவர வேண்டும். பிலியந்தலையில் நான் போகும் வயலின் உரிமையாளர், அறுபது தாண்டிய சிங்களவர், இந்தப் பொறுமையை எனக்குப் படிப்பித்தவர். ரீல் என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. கித்துல் தடியால் ஒரு இடத்தைக் காட்டி, "இன்னும் இல்லை, இன்னும் இல்லை" என்பார். பிறகு தலையாட்டுவார். அப்போது வீசினால் அடிக்கும்.

சரி, சாமான்கள். ஏழு அடிக்குக் கொஞ்சம் குறைந்த மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பான) பேட்காஸ்டிங் ரொட், கைப்பிடியை ஒருதரம் சுற்றினால் ஏழுதரம் சுற்றும் 7:1 அளவு பேட்காஸ்டர் ரீல், 40 அல்லது 50 இறாத்தல் தாங்கும் பிரெய்ட் (பின்னிய நூல்). இதற்கு மேல் தேவையில்லை. பேட்காஸ்டர் பழகாதவர் அதைவிட எளிதான ஸ்பின்னிங் ரீலோடு தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றுவாழைச் செடிக் கூட்டத்துக்குள் புகுந்த மீனைத் திருப்ப பேட்காஸ்டரின் பலம் வேண்டும். தங்கூசியை இதற்கு நான் நம்புவதில்லை. அது இழுபடும், நீங்கள் வெட்டி இழுக்கும் வேகம் முள்ளுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விடும். லீடர், அதாவது தவளைக்கு முன்னால் கட்டும் வேறு நூல்துண்டு, வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கலங்கல் தண்ணீரில், செடிக்குள், தடித்த பிரெய்ட்டுக்கு அது வீண் முடிச்சு என்பது என் அனுபவம். பலோமர் முடிச்சுப் போட்டு நேரே தவளையில் கட்டிவிடுகிறேன்.

தவளையில்தான் நான் பிடிவாதக்காரன். அமெரிக்க ரப்பர் தவளைகள் நம் வாய்க்கால் விராலுக்குப் பெரிது. தாய்லாந்து, மலேசியாப் பக்கத்திலிருந்து வரும் நாலைந்து சென்ரிமீற்றர்த் தவளைகள், வயிற்றுக்கடியில் சின்னக் கரண்டித் தகடு சுழலும் வகை, இங்கே மிகவும் நன்றாக வேலை செய்கின்றன. புதிதாக வாங்கினால் முதலில் உடலை விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். ரப்பர் முழுதாக அமுங்கி இரட்டை முள்ளும் வெளியே வர வேண்டும். வராவிட்டால் மீன் கடிக்கும்போதும் வராது. முள் உடலோடு ஒட்டிப் படுத்திருப்பதால்தான் செடியில் மாட்டாது. ஆனால் அளவுக்கு மேல் ஒட்டியிருந்தால் மீனிலும் மாட்டாது. நான் குறட்டால் முள்முனையை ஒரு மயிரிழை மேலே தூக்கிவிடுகிறேன். கால் நூல்களை அரைவாசிக்கு வெட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் சின்ன மீன்கள் காலை மட்டும் பிடித்து இழுக்கும். சில வீச்சுக்கு ஒருதரம் வயிற்றைப் பிழிந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் ஏறிய தவளை பின்பக்கம் தாழ்ந்துதான் நீந்தும்.

அடிக்கும் கணம்தான் எல்லோரையும் குழப்புவது. சல்வீனியா வெடிக்கும், தவளை மறையும், கை தானாக மேலே போகும். அந்தக் கையை அடக்க வேண்டும். விரால் பல தடவை முதலில் முட்டித்தான் பார்க்கும். வாய்க்குள் எடுத்தாலும் உடனே திரும்பாது. ரொட் நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி எடுத்து, நூல் ஒரு பக்கமாக நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரே வெட்டாக மேலே இழுக்க வேண்டும். பாஸ்காரரும் ஒரு கணம் பொறு என்றுதான் சொல்வார். விராலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அதைவிடப் பலமாக இழுக்கவும் வேண்டும். அதன் வாய் எலும்பும் பல்லும், முள் ஏறப் பலம் வேண்டும். மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் ட்ராக்கை இறுக்கிப் பூட்டி வையுங்கள். மாட்டிய பிறகு விட்டுப் பிடிக்கிற விளையாட்டே கிடையாது. தலை மேலே இருக்கும்போதே செடிக்கு மேலால் வழுக்கிக் கொண்டுவந்துவிட வேண்டும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, கையிலிருந்த ரீலைப் பராமரிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எல்லோருக்கும் விளங்கியது. பொல்கொட வாவி பாணந்துறையில் கடலோடு சேர்வதால் அங்கே தண்ணீரில் உப்பு உண்டு. கொடுவாவுக்கு அங்கே வீசிவிட்டு வந்தால் அன்றிரவே நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவித் துடைத்து வையுங்கள். கொடுவாவைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், அது தனிக் கதை.

எங்கே வீசலாம் என்பதில் நான் கண்டிப்பானவன். பாராளுமன்றத்தைச் சுற்றிய நீர்ப்பரப்பு, பெல்லன்வில அத்திடிய சரணாலயம், தலங்கம குளம், இவை பாதுகாப்புப் பெற்ற இடங்கள், அங்கே ரொட்டோடு போக வேண்டாம். பேரை வாவியிலும் நகரக் கால்வாய்களிலும் பிடித்ததைச் சட்டிக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். தனியார் வயல் என்றால் உரிமையாளரிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், வரம்பை மிதித்து உடைக்காமல் நடந்தால் அடுத்த முறையும் சரி என்பார்கள். 2018 இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. இந்தச் சதுப்புகளை மண் போட்டு நிரப்பினால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பதை 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது பார்த்தோம். விரால் குடியிருப்பதும் அதே சதுப்பில்தான்.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். பார்க்குஞ்சு, அதாவது விரால் குஞ்சுக் கூட்டம்.

விரால் குஞ்சுகள் சிவப்பும் செம்மஞ்சளுமாக நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். அவை மூச்செடுக்க மேலே வரும்போது தண்ணீர் கொதிக்கும் சோற்றுப்பானை மாதிரிப் பொரியும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவால் ஒரு தவளையை இழுத்தால் பெற்ற மீன் கட்டாயம் அடிக்கும். பசியில் இல்லை, குஞ்சைக் காக்க. பெரிய மீன், எளிய மீன், படம் நன்றாக வரும். இதற்கென்றே குஞ்சுக் கூட்டம் தேடித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். கெஸ்பேவப் பக்கம் ஒரு தம்பியிடம் ஏன் அதில் வீசினாய் என்று கேட்டேன்.

"நான் என்ன செய்யிறது அண்ணை, அது தானா வந்து அடிச்சது."

"தானா வரேல்ல தம்பி. நீ குஞ்சுக்குள்ள போட்டாய், அது வந்துது."

"நான் திரும்ப விட்டிடுவன்தானே."

விடுவதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அந்த ஐந்து நிமிடத்தில் திலாப்பியாவும் மற்றதும் குஞ்சுக்குள் இறங்கிவிடும். குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் நான் ரொட்டை மடக்கிக்கொண்டு அடுத்த வாய்க்காலுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பிடித்ததை உயிரோடு விடும் வழக்கமும் பாஸ்காரரிடமிருந்துதான் நமக்கு வந்தது. அமெரிக்காவில் ரே ஸ்கொட் தன் பாஸ் போட்டிகளில் 1972 இல் அதைக் கொண்டுவந்தார். அவர் ஊரில் அந்த மீன் சொந்த மீன், அதனால் அது நல்ல வழக்கம். ஜப்பானில் அதே பாஸ் 1925 இல் ஆஷி ஏரிக்குக் கொண்டுவந்து விட்ட அந்நிய மீன். பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்று ஷிகா மாகாணம் 2003 இலிருந்து தடை வைத்திருக்கிறது. விடுவதா வேண்டாமா என்பது மீனையும் தண்ணீரையும் பொறுத்தது. விராலை நான் விடுகிறேன், எப்போதாவது நல்ல வயல் தண்ணீரில் பிடித்த ஒன்று குழம்புக்கு வரும். அம்மாவுக்கு அது இல்லாமல் மழைக்காலம் போகாது. ஆனால் நைஃப் ஃபிஷ் என்று வளர்ப்பு மீன் கடைகளில் விற்று, தொட்டியில் கொள்ளாமல் வளர்ந்ததும் கால்வாயில் கொண்டுவந்து ஊற்றிய மீன் இருக்கிறதே, வால் பக்கம் கறுப்புப் பொட்டு வரிசையோடு, அதைப் பிடித்தால் நான் விடுவதே இல்லை. அது தென்கிழக்காசிய மீன், நம் சின்ன மீன்களைத் தின்று பெருகுகிறது. அதற்கும் 'பிடித்து விடு' சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

விராலை விடுவதென்றால் ஒழுங்காக விடுங்கள். வெளியே கொஞ்ச நேரம் தாங்கும் என்ற தைரியத்தில் வெயிலில் காய்ந்த கொங்கிறீட்டில் போட்டுப் படம் எடுக்கிறார்கள். மேல் வழுவழுப்புப் போனால் புண் வந்து பிறகு சாகும். கையை நனைத்து, ஈரப் புல்லில் வைத்து, முள்ளைக் கழற்றி இறக்கிவிட வேண்டும். முள் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்ப்பல்லைக் குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவது ஒரு வினாடி வேலை.

மழை தொடங்கியதும் வயலுக்குள் இறங்குகிறவர்கள் காலில் வெட்டுக்காயம் இருந்தால் போகாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும். முன்கூட்டி எடுக்கும் மாத்திரை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம், வயல் வேலைக்காரர்களுக்குக் கொடுப்பதுதான். பொல்கொடவிலும் அத்திடியப் பக்கத்துக் கால்வாய்களிலும் முதலை உண்டு. இருட்டும் நேரத்தில் தண்ணீர் விளிம்பில் குந்தியிருந்து தவளையைக் கழற்றாதீர்கள், இரண்டு எட்டுப் பின்னால் வந்து கழற்றுங்கள்.