சாரம் கட்டிய கோபுரம்

ஜெர்மனியின் கொலோன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரேயே பேராலயம். 157 மீட்டர் கோபுரங்கள் கைபேசிக்குள் அடங்கவில்லை. பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ஒரு சைக்கிள்காரரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். அப்புறம்தான் கவனித்தேன், ஒரு கோபுரத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். இவ்வளவு செலவு செய்து வந்து சாரத்தையா படம் எடுப்பது?

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்ததாகச் சொல்லப்படும் மூன்று ராஜாக்களின் எலும்புகள் 1164இல் மிலானிலிருந்து இங்கே வந்தன. அவற்றுக்கேற்ற பெரிய ஆலயம் வேண்டுமென்று 1248 ஆகஸ்ட் 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். பீடப்பகுதி 1322இல் வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் பணமும் ஆர்வமும் வற்றி வேலை நின்றேபோனது. அரைகுறைத் தெற்குக் கோபுரத்தின் மேல் கல் தூக்கும் மர எந்திரம் ஒன்று இருந்தது. அதை யாரும் இறக்கவில்லை. 1868 வரை அங்கேயே நின்றது! பேரன் பேத்தி எடுத்த எத்தனையோ தலைமுறைகளுக்கு ஊரின் அடையாளமே அந்த எந்திரம்தான்.

முகப்பின் பழைய வரைபடத்தில் ஒரு பாதி 1814இல் டார்ம்ஷ்டாட் நகரில் ஒரு பரணில் கிடைத்தது, மறுபாதி பாரீஸில். 1842இல் மீண்டும் அடிக்கல். நாட்டியவர் அப்போது கொலோனை ஆண்ட பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம். ஆலயம் கத்தோலிக்கம், அவர் புராட்டஸ்டண்ட். 1880இல் வேலை முடிந்தபோது கத்தோலிக்கப் பேராயரோ அரசோடு மோதி நாட்டுக்கு வெளியே இருந்தார். வேடிக்கைதான்.

தெற்குக் கோபுரத்தில் 533 படிகள். சுழன்று சுழன்று ஏறும் குறுகலான வழியில் எதிரே இறங்குபவர்களுக்காகச் சுவரோடு ஒட்டி நின்றேன். கல் ஒரே நிறமில்லை. சில இடங்களில் கருத்து, சில இடங்களில் நேற்று வைத்ததுபோல வெளுத்து. ரைன் கரை டிராகன்ஃபெல்ஸ் மலையில் வெட்டிய எரிமலைக் கல் ஒருபக்கம். 19ஆம் நூற்றாண்டில் வைத்த மணற்கல் இன்னொருபக்கம். அந்த மணற்கல்தான் மழையிலும் புகையிலும் சீக்கிரம் அரிக்கிறதாம். போதாததற்கு இரண்டாம் உலகப்போரில் 14 குண்டுகள் வேறு. ஆலயத்துக்கென்றே தனிக் கற்பட்டறை இன்றும் இயங்குகிறது. ஒரு மூலையைச் சரிசெய்வதற்குள் அடுத்த மூலை தேய்ந்துவிடும். ஆலய வேலை முடியும் நாளில் உலகம் அழியும் என்று ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

இறங்கி வந்தபோது முழங்கால் நடுங்கியது. சரி என்று சாரத்தோடேயே படம் எடுத்தேன். 1850களில் எடுத்த படங்களிலும் அந்த மர எந்திரம் நிற்கத்தானே செய்கிறது.