வஜ்ஜிரம் விடும் இடம்

ஒவ்வோர் ஆண்டும் சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில்தான் என் வீட்டுக்கு வயலின்கள் அதிகமாக வரும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் கர்நாடக வயலின் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு இல்லாத நேரத்தில் சின்னச் சின்னப் பழுதுகளும் பார்ப்பேன். பூஜைக்கு முதல் நாள் வீட்டில் உள்ளவர்கள் வயலினை எடுத்து ஈரத்துணியால் துடைத்து, பலகையிலேயே சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுகிறார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்த பிறகு வார்னிஷில் வட்டமாக ஒரு தழும்பு நிற்கும். இன்னும் சிலர், தூசி முழுக்கப் போக வேண்டுமென்று நான்கு தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடுவார்கள். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான குதிரை சாய்ந்துவிடும். உள்ளே சவுண்ட் போஸ்ட் உருண்டு விழும். பெட்டியை ஆட்டிக் காட்டி, "உள்ள ஏதோ உடைஞ்சிருச்சு டீச்சர்" என்று கண் கலங்கி நிற்பார்கள்.

உடையவில்லை. சவுண்ட் போஸ்ட் என்பது சுமார் 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு குச்சி. மெல்லிய தந்தியின் பக்கம், குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல் பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கிறது. ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. தந்திகள் இழுக்க, குதிரை பலகையை அழுத்த, அந்த அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு 'ஆன்மா' என்று பொருள். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பதை அதை நகர்த்திப் பார்த்தவர்கள் உணர்வார்கள். அரை மில்லிமீட்டர் தள்ளினால் போதும், மேல் பஞ்சமம் கூசும். இன்னொரு பக்கம் தள்ளினால் மந்தரம், அதாவது கீழ்ச் சுரங்கள், மூக்கடைத்தது போல் கேட்கும். தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான்.

வயலின் நம்மிடம் வந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வர் எனப்படும் இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூர் அரண்மனைவரை எடுத்துச் சென்றார். சம்மணமிட்டு அமர்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டும் முறையால் அது முழுக்க நம் வாத்தியமாகிவிட்டது. மரம் மட்டும் மாறவில்லை. மேலே ஸ்ப்ரூஸ், அடியில் மேப்பிள். இரண்டுமே குளிர்நாட்டு மரங்கள். காற்றில் 40 முதல் 60 விழுக்காடு ஈரம் இருந்தால் நிம்மதியாக இருக்கும். கோலாலம்பூரில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஏர்கோன் அறையில் இரண்டு மணி நேரம், பிறகு சாயங்கால மழையில் எல்ஆர்டி நிலையம்வரை நடை. பலகை இறுகுகிறது, ஊதுகிறது, மறுபடி இறுகுகிறது. தந்தியை முறுக்கும் பிருடை ஒரு நாள் வழுக்கும், மறுநாள் அசைய மறுக்கும்.

சுருதி இன்னொரு சிக்கல். இந்த ஊரில் விற்கும் வயலின்களைப் பெரும்பாலும் மேற்கத்திய இசைத் தேர்வு எழுதும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே தயார் செய்கிறார்கள். 5 கட்டைச் சுருதியில் வாசித்தால் பெரிய வித்தியாசம் இல்லை: கனமான இரண்டு தந்திகளும் மேற்கத்திய சுருதியிலேயே நிற்கும், மற்ற இரண்டும் ஒரு முழுச்சுரம் இறங்கும். ஆண் குரலுக்கு 1 கட்டையில் வாசிக்கும்போதோ அதே தந்திகள் தொய்ந்து, வில் பட்டால் உறுமும். கனத்த தந்தி போட வேண்டும். தந்தி விரல்பலகையிலிருந்து உயரமாக நின்றால், சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு விரல் சறுக்காது, குதிரையைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். இதைக் கடையில் சொல்லிக் கேட்டு வாங்கத் தெரியாத பெற்றோர், பிள்ளைக்குக் கை வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது.

ஆனால் என் பங்குக் குற்றமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இருந்தாள். பேராக்கில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த தாத்தா வாசித்த வயலின் அவளுடையது. மூன்று ஆண்டுகளில் வர்ணம் என்னும் உருப்படிகள் ஏழு அவளுக்குப் பாடமாகியிருந்தன. ஒரு சனிக்கிழமை கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் வயலினைக் கார் பூட்டிலேயே விட்டுவிட்டார்கள். உச்சி வெயில். விளிம்பில் மேல் பலகை ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்துகொண்டது. மகள் அழுவதைப் பார்க்க முடியாமல் அப்பா அன்றிரவே சூப்பர் குளு வைத்து ஒட்டிவிட்டார். வருடம் திரும்புவதற்குள் மேல் பலகை நார் ஓடிய வழியே பிளந்தது.

நான் அதை, எனக்குப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்த சீனப் பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். வயலினை ஒட்டுவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதுதான். அது வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இளகும். பலகைக்குத் தாங்க முடியாத இழுப்பு வரும்போது மரம் பிளப்பதற்கு முன் வஜ்ஜிரம் விட்டுவிடும். மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். சூப்பர் குளு விடாது. மரம்தான் விட்டாக வேண்டும். "ஜாங்கான் பாக்சா" என்றார் பெரியவர். வற்புறுத்தாதே. என்னிடம் அவர் மலாயில் அடிக்கடி சொன்னது அந்த இரண்டு சொற்கள்தான்.

வர்ணம் சொல்லிக் கொடுத்த நான் இதை அந்தப் பெண்ணுக்கு ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அந்த வயலின் மறுபடி வாசிக்கும்படி ஆனது, ஆனால் தாத்தாவின் குரல் அதில் திரும்பவில்லை என்று அவள் அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போதெல்லாம் முதல் வகுப்பில் தொடக்கப் பாடமான சரளிவரிசை கிடையாது, வயலினைப் பார்த்துக்கொள்ளும் முறைதான். வாசித்து முடித்ததும் வில்லின் திருகை இளக்கி முடியைத் தளர்த்த வேண்டும், வில்லின் முடியில் பூசும் பிசினான ரோசினின் தூளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும், வில்லின் முடியை விரலால் தொடக் கூடாது. நம்மில் பலருக்குச் சறுக்கலுக்காக விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. நானும் செய்வேன். அந்த விரல் முடியில் பட்டால் அவ்வளவுதான், எவ்வளவு ரோசின் பூசினாலும் அந்த இடம் தந்தியைப் பிடிக்காது. பூஜைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: சந்தனத்தைப் பெட்டியின் மேல் வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிறகு காதுப் பயிற்சி. வயலினை மடியில் வைத்து, விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டச் சொல்வேன். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாகப் பேசும். விட்ட இடம் கலகலக்கும்.

போன வாரம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டே வந்தாள். இடுப்பு வளைவைத் தாண்டியதும் கை நின்றது. திரும்பப் போய்த் தட்டினாள்.

"டீச்சர், இங்க மட்டும் வேற மாதிரி கேக்குது."

என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய தாள் ஒன்றின் ஓரத்தை அந்த இடத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே போனது. வஜ்ஜிரத்தை ஊறப்போட எழுந்தேன்; அவளும் கூடவே அடுப்படிக்கு வந்தாள்.