ஸ்ட்ராட்ஃபோர்டில் அடக்கப்பட்ட கணவன்

லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு வரையிலான ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏவன் ஆற்றங்கரைக்கு அருகே ஒரு கடையில், காய்ந்துபோன சாண்ட்விச்சுக்கும் ஆறிப்போன தேநீருக்கும் என்னிடம் கறந்த பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவுக் காட்சிக்குப் போனால் அறை வாடகையும் சேரும் என்று கணக்குப் போட்டு மதியக் காட்சிக்குச் சீட்டு எடுத்திருந்தேன். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அந்தக் கடையிலேயே கரைந்தது.

நாடகம், ஷேக்ஸ்பியர் 1590ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'த டேமிங் ஆஃப் த ஷ்ரூ'. வாயாடிப் பெண்ணான கேத்தரினை, பணத்துக்காக மணக்கும் பெத்ரூச்சியோ பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்து வழிக்குக் கொண்டுவரும் கதை. 2019இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக இதை இயக்கிய ஜஸ்டின் ஆடிபர்ட், பெண்களே ஆட்சி செய்யும் ஒரு கற்பனை இங்கிலாந்தில் கதையை நிறுத்தி, வேடங்களை அப்படியே தலைகீழாக்கிவிட்டார்: கிளேர் பிரைஸ் பெத்ரூச்சியாவாக அதிகாரம் செய்ய, ஜோசப் ஆர்க்லி கேத்தரின் என்ற அதே பெயருடைய ஆணாக அடங்கிப்போகிறார்.

முதல் பாதி அபாரம். பணக்காரக் கிழவி கிரெமியாவாக வந்த சோஃபி ஸ்டான்டன், அகன்ற பாவாடைக்கடியில் சக்கரம் பொருத்தியதுபோல் மேடையில் வழுக்கிக்கொண்டே வந்தபோது, வயிறு வலிக்கச் சிரித்தேன். அழகான இளைஞன் பியாங்கோவை மணக்கப் பெண்கள் தங்கள் சொத்துப் பட்டியலை ஏலம் போல் ஒப்பிக்கும் காட்சியில், வரதட்சிணைப் பேரத்தின் அசிங்கம் எந்தப் பிரசங்கமும் இல்லாமல் வெளிப்பட்டுவிடுகிறது.

இடைவேளைக்குப் பிறகுதான் எனக்கு ஒப்பவில்லை. திமிர் பிடித்தவளை நாயகன் அடக்குவதைத் தமிழ்த் திரையில் எத்தனையோ முறை கைதட்டலுடன் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாதிக்கப்படுபவர் ஆணாக மாறியதும் அதே செயல் கொடுமையாகத் தெரிவது உண்மைதான் என்றாலும், கருகிவிட்டது என்று சாக்குச் சொல்லிப் பசித்தவர் முன்னிருந்து இறைச்சியை எடுத்துவிடும் காட்சி, யார் யாருக்குச் செய்தாலும் நகைச்சுவை ஆகாது. என்னைச் சுற்றிலும் சிரித்தார்கள். அவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டு வந்திருக்க வேண்டும். துணையின் காலடியில் கைவைக்கத் தயார் என்று முடியும் கேத்தரினின் 44 வரி இறுதி உரையை ஓர் ஆண் சொல்லக் கேட்கையில் அதன் அபத்தம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அடக்கியவரை எதிர்த்துக் கேட்க இங்கும் எவருமில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்திலேயே ஜான் ஃப்ளெட்சர் இதற்குப் பதில் நாடகம் எழுதியிருக்கிறார். அதில் பெத்ரூச்சியோவின் இரண்டாம் மனைவி மரியா, முதலிரவன்றே கதவைத் தாழிட்டுக்கொண்டு அவனை அடக்குகிறாள். இதே நிறுவனம் 2003இல் இரண்டு நாடகங்களையும் சேர்த்தே மேடையேற்றியது. வேடங்களை மாற்றிப் போடுவதைவிட அதுதான் துணிச்சலான வழி என்று எனக்குப் படுகிறது. இரண்டு சீட்டுக்குக் காசு வேண்டும் என்பது மட்டுமே அதிலுள்ள சிக்கல்.